அதே சொல்

படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்.
பாடல் வரிகள், எல்லா மொழியும், ஆங்கிலத்தில்.
அதை நிரப்புவது என் வேலை,
வரிக்கு இரண்டு வெள்ளி.

மெய்யம்மை எழுதியிருந்தாள்:
நாங்கள் கட்டினோம்,
நாங்கள் கழுவினோம்,
நாங்கள் லாரியில் நின்றபடி தூங்கினோம்.
ஆங்கிலத்தில் வி, வி, வி.
கட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்தன.

ருசைனியின் மலாய்ப் பாட்டில் கை நின்றது.
காமி என்று எழுதியிருந்தான், கித்தா என்றல்ல.
காமி, கேட்பவனை வாசலில் நிறுத்தும் நாங்கள்.
கித்தா, அவனுக்கும் நாற்காலி இழுத்துப் போடும் நாம்.
கடலின் இரு கரையிலும் இரண்டு மொழிகள்
ஒன்றையொன்று கேட்காமலே
ஒரே சந்தேகத்தை வைத்திருக்கின்றன:
உன்னைச் சேர்த்தா, சேர்க்காமலா?
அதைச் சொல்ல நான்காம் பக்கத்தில் இடமில்லை.
வி என்றே போட்டேன்.

ஒரு வரியில் தீ இருந்தது.
விளக்கு என்று மாற்ற முடியுமா எனக் கேட்டார்கள்.
மாற்றினோம்.
விளக்கும் சுடும் என்பதை நாங்களாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை, வாட்டர்லூ தெரு.
கீழே, குவான் இன்னைக் கும்பிட்டு வந்தவர்கள்
பக்கத்துக் கண்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிப் போனார்கள்.
மாடியில் நூற்றிருபது நாற்காலி, சரியாக ஓடாத ஏர்கான்,
சியூ லெங்கின் டிரம் நகராமலிருக்க
அடியில் யாருடையதோ யோகாப் பாய்.
பின்வரிசையில் துவாஸிலிருந்து வந்த பதினோரு பேர்,
பத்தரைக்குள் விடுதிக் கதவில் அட்டை தட்ட வேண்டியவர்கள்.
முன்வரிசையில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர்,
மடியில் என் மொழிபெயர்ப்பு,
வரிக்கு வரி நகரும் விரல்.
அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.
கொஞ்சம் பயமாகவும்.

முதல் அரைமணி சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன்.
மைக் கீச்சிட்டது. ருசைனி ஒரு சரணத்தை மறந்தான்.
கைதட்டல் மரியாதைக்கு வந்து மரியாதையாக உட்கார்ந்தது.

பிறகு மெய்யம்மை. தொடையில் தாளம், கண் மூடி,
நாங்கள் லாரியில் நின்றபடி

"உக்காந்துகிட்டுதான்க்கா!
நிக்க விடமாட்டாங்க!"

பின்வரிசை. தவசிலிங்கம்.
தமிழ் தெரிந்த பாதி அரங்கம் வெடித்தது.
மீதிப் பாதி காத்திருந்தது.
சிரிப்பு வரிசை வரிசையாகப் பெயர்க்கப்பட்டுப் போனது:
மொமினுலுக்கு அரைகுறை இந்தியில்,
ருசைனிக்கு மலாயில்,
கடைசியாக டிரம்முக்குப் பின்னால் சியூ லெங்,
எல்லாரும் அடங்கியபின் தனியாகச் சிரித்தாள்.
அதற்கு எல்லாரும் மறுபடி சிரித்தோம்.

மெய்யம்மை சிரிக்கவில்லை.
ஈசூனில் பிறந்தவள். லாரியின் பின்பக்கம் ஏறியதே இல்லை.
இரவல் வாங்கிய நாங்கள்
உதட்டிலேயே நின்றது.
"அப்ப நீங்க பாடுங்க" என்று மைக்கை நீட்டினாள்.

அவன் வரவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்தான்.
குரலில் சிமெண்டு.
நாங்கள் கட்டினோம் என்றான்,
அந்தச் சொல்லுக்கு முதன்முறையாக ஆள் கிடைத்தது.
பதினோரு பேரும் பிடித்துக்கொண்டார்கள்,
மெட்டு எங்கெங்கோ போனது,
சியூ லெங் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தாள்.
மூன்றாம் சுற்றில், மெய்யம்மை கீழே நிற்பதைப் பார்த்தோ,
மூச்சுக்கு அசை குறையட்டும் என்றோ, தெரியாது,
நாம் என்று பாடினான்.

அவ்வளவுதான்.
ருசைனி ஒரு கணம் என்னைப் பார்த்தான்,
தலையாட்டினேன்,
கித்தா என்று எடுத்தான்.

முன்வரிசை விரல் வரியைத் தவறவிட்டது.
திரும்பி, மெல்ல, என்னிடம்:
"ஏதோ மாறிவிட்டதே. இது தாளில் எங்கே?"
காட்டினேன்.
வி.
"அதே சொல்தான், சார்."
பார்த்தார். அதேதான்.
காகிதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

ஒன்பது இருபதுக்குப் பதினோரு பேரும் கிளம்பினார்கள்,
பாட்டு பாதியில், காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு.
படிக்கட்டில் கேட்டது, பிறகு பூகிஸ் நிலையத்துப் பக்கம்.
மேலே நாங்கள்,
இல்லை,
எந்தச் சொல் என்று தெரியாமல்
பாடிக்கொண்டிருந்தோம்.